இணைச்சீருக்கு உட்காராத தங்கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் உள்ள கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மறுநாள் காலையில் என் அண்ணனுக்கு முகூர்த்தம். முந்தின நாள் மத்தியானம் அம்மா என்னை மாடி அறைக்குக் கூட்டிப் போய், கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு, என் இடது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் பேண்டேஜ் துணியைச் சுற்றினாள். அந்தக் காலில் காயம் எதுவும் இல்லை. எலும்பும் ஒடியவில்லை. "இறுக்கமா இருக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். கீழே பந்தலில் மேளக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டு எதற்கு என்று சொல்வதற்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்குப் பெருவிரல்தான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறோம். அண்ணன் எட்டாவதோடு நின்று தறிக்கு வந்துவிட்டான். அவன் தறி ஓட்டியதால்தான் நான் கோவைக்கு வந்து விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. வரை படித்தேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. இப்போது கோவையில் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். ஊருக்குப் போனால் யாராவது மஞ்சள்காமாலைக்கு மந்திரிக்கப் போகிறேன் என்றால் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பேன். "டீச்சரம்மா வாராங்க, வாயை மூடிக்குங்க" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, நான் போட்ட சிவப்பு மை வெளிறித் தெரிந்தது. பேனாவைத்தான் குறை சொன்னேன். வேறு பேனாவை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். இடது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோளாறு என் வலது கண்ணில் இருந்தது. கண்ணை அசைத்தால் உள்ளுக்குள் வலித்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். கண் சில வாரங்களில் சரியானது. ஆனால் அடுத்த வருடமே இடது கால் மரத்துப் போய், நடக்கும்போது இழுக்க ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கடைசியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள்.

நம் உடம்பைக் காக்க வேண்டிய படையே திரும்பி நின்று, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிற நோய் இது. நான் இதை அண்ணனுக்குச் சொல்லத் திணறியபோது அவனே கேட்டான். "மோட்டார் வயர் மேல இருக்கற ரப்பர் அங்கங்க கருகிப் போனாப்பலயா?" ஆமாம் என்றேன். "வயர் நல்லாத்தான் இருக்குது, கரண்டுதான் போய்ச் சேரமாட்டேங்குது. அப்படித்தான?" ஆமாம் என்றேன் மறுபடியும். அவன் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தறி ஓடும் சத்தமும் கேட்கவில்லை.

என் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. இரண்டாவது முறை அவரைப் பார்க்கப் போனபோது நான் ஆசிரியை என்ற மிடுக்கோடு போய் உட்கார்ந்து, இது எந்த ஜீனால் வருகிறது என்று கேட்டேன். வருடா வருடம் கரும்பலகையில் பரம்பரை வரைபடம் போடுகிறவள் நான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கோடு கோடாக நிரப்ப வேண்டும். என் குடும்பத்துக்கும் ஒன்றை மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு வட்டம்தான் நிரம்பியிருந்தது.

அவர் சிரித்தார். "அந்தப் படம் இதுக்கு உதவாதுங்க டீச்சர். ஒரு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரு துளி. அத்தனை துளி சேர்ந்தாலும் எல்லாருக்கும் வர்றதில்ல. சின்ன வயசுல வந்த ஒரு வைரஸ், வெயில் படாத உடம்பு, புகை, இப்படி எத்தனையோ சேரோணும்."

நான் விடவில்லை. வந்துவிட்டது, சரி, இனி எப்படிப் போகும் என்று ஜீனைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். நான் தெரிந்துகொள்ள விரும்பியது அதைத்தான். எத்தனை காலம் நடப்பேன், எப்போது ஊன்றுகோல் வரும், எப்போது அதுவும் போதாது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

"நோய் வர்றதுக்கு வழி விடற ஜீன் வேற, வந்த பின்னாடி அதை வேகமாத் தள்ளற ஜீன் வேறன்னுதான் இப்பத் தோணுது," என்றார். "தள்ளறது ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டிருக்குது. அதையும் வெளிநாட்டு ஆளுங்க ரத்தத்துல பார்த்தது. உங்க ரத்தத்தை எடுத்து அதைப் பார்த்து, இத்தனை வருசம் நடப்பீங்கன்னு நான் சொன்னா, கிளி ஜோசியக்காரனுக்கும் எனக்கும் வித்தியாசமில்லீங்க." அப்புறம் என்ன நினைத்தாரோ, "புகை பிடிக்கறவங்களுக்கு வேகமாப் போகுது. நிறையப் படிச்சவங்களுக்குக் கொஞ்சம் மெதுவாப் போகலாம்னு ஒரு கணிப்பு இருக்குது. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்குச் சொல்லலாம்னு தோணுச்சு," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாட்கள் தெம்பாக இருந்தேன். கொட்டகையில் பஞ்சுத்தூசிக்குள் நின்று அண்ணன் எனக்குக் கொடுத்த படிப்பு, என் காலையும் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தை பிறகு எங்கள் வீட்டில் என்ன பாடு படப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அண்ணனுக்குப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிறவனுக்கும் காட்டில் வெள்ளாமை பார்க்கிறவனுக்கும் இன்று பெண் கிடைப்பது லேசான காரியம் இல்லை. பெண் பிள்ளைகள் எல்லோரும் படித்துவிட்டார்கள், என்னைப் போலவே. ஜாதகம் பொருந்தி வந்தால் படிப்பு இடிக்கும். படிப்பைப் பொறுத்துக்கொண்டால் தறிக்கொட்டகை இடிக்கும். அண்ணனின் முன்தலையில் முடி கொட்ட ஆரம்பித்தபோது அம்மா சாமி கும்பிடும் நேரம் நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பி.காம். முடித்திருந்தாள். தறி வீடு என்றாலும் பரவாயில்லை, ஆள் தங்கமானவராக இருந்தால் போதும் என்று அந்தப் பெண்ணே சொன்னாளாம். அம்மா அதைக் கேட்டு அழுதாள்.

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு வெளியே வந்தேன். அன்றைக்கு வெயில் அதிகம். சூடு ஏறினால் என் கால் இன்னும் மோசமாக இழுக்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பெண்ணின் அத்தை ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மணி, காலுக்கு என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். "ஸ்கூட்டர்ல உழுந்துபோட்டாளுங்க."

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தப் பொய் எங்கள் கண் முன்னாலேயே கிடுகிடுவென்று வளர்ந்தது. எங்கே என்று கேட்டார்கள். கோயமுத்தூரில் என்றாள் அம்மா. எப்படி என்று கேட்டார்கள். ஆயுளில் பொய் பேசிப் பழக்கமில்லாத அப்பா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "நாய் குறுக்க வந்துபோட்டுதுங்க," என்றார். வண்டி எங்கே என்று பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வித்துப்போட்டமுங்க," என்றான்.

"அதுவும் சரிதான். உழுந்த வண்டியை ஊட்டுல வெச்சிருக்கப்படாது," என்றார் அந்த அத்தை. அதோடு விசாரணை முடிந்தது. விபத்து ரத்தத்தில் வராது. அது யார் வீட்டிலும் நடக்கும்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். எனக்கு வந்திருப்பது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, கேவலமான நோயும் இல்லை, உண்மையைச் சொல்லி விளங்க வைக்க என்னால் முடியும் என்றேன்.

"அப்படியே சொல்லு. பரம்பரை நோவான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"இல்லீன்னு சொல்லுவேன். அப்பன் ஆத்தாகிட்ட இருந்து அப்படியே எறங்கற நோவு இல்லம்மா."

"சுத்தமா இல்லியா?"

நான் தயங்கினேன். "கொஞ்சம் இருக்குது."

"உன்ற அண்ணனுக்கும் அந்தக் கொஞ்சம் இருக்குதா?"

அம்மா சண்டைக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். இருக்கும் அம்மா, ரொம்ப ரொம்பக் கொஞ்சம் என்று சொன்னேன். வகுப்பில் என்றால் அந்தக் கொஞ்சத்தின் அளவைப் படம் போட்டுப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிடுவேன். பெண் கொடுக்க வந்தவர்களுக்கு எந்தப் பலகையில் படம் போடுவது? கொஞ்சம் என்று காதில் விழுந்தாலே போதும், அவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் நியாயம் பேசக் கிளம்பினால், அந்த நியாயத்தின் முதல் வரியே அண்ணன் கல்யாணத்தை முறித்துவிடும். என் ரத்தத்தைக் குறை சொல்கிறவர்களிடம், அதே ரத்தம்தான் மாப்பிள்ளை உடம்பிலும் ஓடுகிறது என்று நான் சொல்ல முடியாது.

சரி, ஸ்கூட்டர்தான் என்றேன்.

இணைச்சீர் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கொங்கு நாட்டுக் கல்யாணங்களைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்கிற சீர் இது. மூங்கிலில் முடைந்த பேழைமூடியில் கூறைச்சேலையை வைத்து, அதைத் தலையில் சுமந்து, கையில் செம்புத் தண்ணீரோடு அவள் பந்தலைச் சுற்றி வருவாள். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்காருவாள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையை அண்ணன் கையிலும் மறு முனையை அவள் கையிலும் கொடுப்பார். கல்யாணமானவள்தான் உட்கார வேண்டும் என்று சில ஊர்களில் சொல்வார்கள். எங்கள் வழியில் கூடப் பிறந்தவளாக இருந்தால் போதும். பெண்டாட்டி வந்த பிறகும் உனக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று எல்லோர் முன்னாலும் அண்ணன் சொல்வதுதான் அதன் அர்த்தம். நாளைக்கு அவனுக்குப் பெண் பிறந்தால், என் மகனுக்குக் கொடு என்று கேட்கிற முதல் உரிமையும் அவளுடையது.

எனக்கு ஒரே அண்ணன். இந்தச் சீர் எனக்கு ஒரே ஒரு முறைதான் வரும். உண்மையைச் சொன்னால், நோய் வந்த பிறகு அதற்காகவே நான் பழகிக்கொண்டிருந்தேன். இயன்முறை சிகிச்சை செய்கிற பெண் என்னைத் தரையில் உள்ள கோட்டின் மேல் நேராக நடக்கச் சொல்வாள். அறைக்கு வந்து நான் தலையில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நடப்பேன். ஆரம்பத்தில் அது விழுந்து கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டிருக்கிறார். சமையல் பழகுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு விழுவது குறைந்தது. கொஞ்சம் மெதுவாக, சூடு இல்லாத நேரமாக இருந்தால் என்னால் சுற்றி வந்துவிட முடியும் என்ற நம்பிக்கை வந்திருந்தது.

ஆனால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவள் தலைச்சுமையோடு பந்தலைச் சுற்றி வர முடியுமா? கல்யாண நாள் குறித்த அன்றைக்கே பெண்ணின் அத்தை கரிசனமாகச் சொல்லிவிட்டார். "அடிபட்ட புள்ளையை எதுக்குங்க சிரமப்படுத்தோணும். பெரியப்பன் மவ இருக்கறாளல்ல, அவளை உக்கார வெச்சுப்போடலாம்." அம்மா என்னைப் பார்க்காமலே சரி என்றாள். நடக்கும்போது கால் ஏன் இழுக்கிறது என்று கூட்டத்தில் யாருக்காவது சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் மண்டபத்தில் அந்தப் பேண்டேஜ்.

சாயங்காலம் சீர் தொடங்கியது. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று விசாரித்தார்கள். ஒருவர் முட்டைப் பத்து போடச் சொன்னார். ஒருவர் எலும்பு கட்டுகிற வைத்தியர் இருக்கும் ஊருக்கு எந்த பஸ் போகும் என்று சொன்னார். ஒரு மாமா, "டீச்சர் புள்ளைக்கு நாயைப் பார்த்து ஹாரன் அடிக்கத் தெரியலை பாரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியப்பா மகள் என்னைவிட மூத்தவள். நல்லவள். பேழைமூடியை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "உன்ற எடத்துலதான் உக்காரறேன், தப்பா நெனைச்சுக்காத," என்றாள். தப்பா நினைக்க என்ன இருக்கிறது, போ அக்கா என்றேன். அவள் தலையில் சுமந்துகொண்டு சுற்றி வந்தாள். அவ்வளவு வேகமாக நடக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பட்டு வேட்டியில் அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தான். அவன் யாரையோ தேடுவது போல நிமிர்ந்து பார்த்தான். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் பெண்ணின் அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் காலைப் பரிவோடு தொட்டுப் பார்த்தார்.

"அடிபட்டதுதானேன்னு மனசுக்கு ஆறுதலா இருக்குது அம்மணி. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு ஆறிப்போகும். எங்கூர்ல ஒரு புள்ளைக்கு இப்படித்தான் காலு இழுத்துச்சு. கடைசில பார்த்தா நரம்பு நோவுன்னாங்க. அந்த ஊட்ல பொண்ணு குடுக்கவும் ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. ரத்தத்துல இருக்கறதை என்ன பண்ணறது, சொல்லு. நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஒவ்வொரு வரியிலும் எது தப்பு என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகப் பேச அந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. எதிரில் மணையில் கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில் இருந்தது. மறு முனையை அக்கா பிடித்திருந்தாள். அருமைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய எல்லாப் பரீட்சைகளையும்விட அந்த ஒரு வார்த்தை கஷ்டமாக இருந்தது. அத்தை என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவர் கெட்டவர் இல்லை. போகிற வழியில் எனக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சீர் முடிந்த பிறகு அண்ணன் என்னிடம் வந்தான். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "அக்கா சேலையை ரொம்ப இழுத்துப் புடிச்சுப்போட்டா. கயிறு இழுக்கற போட்டின்னு நெனைச்சுக்கிட்டா போலிருக்குது," என்றான். சிரிக்கப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சாப்பிடப் போ அண்ணா, நாளைக்குக் கல்யாண மாப்பிள்ளை நீ என்று அனுப்பி வைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

கொஞ்ச மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கோவையில் என் அறைக்குத் தனியாக வந்து நின்றாள். பஸ் பிடித்து, விலாசம் விசாரித்து வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று பார்த்ததுமே புரிந்தது. அவன் சொல்லாமல் இருக்கமாட்டான் என்று எனக்கு முன்பே தெரியும்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அம்மணி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும்," என்றாள். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். "என்ற கொழந்தைக்கு இது வருமா?"

நான் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தையான எனக்கு இருப்பதால் மட்டும் குழந்தைக்கு வந்துவிடாது என்றேன். ஊரில் எந்தக் குழந்தைக்கும் உள்ள வாய்ப்பைவிட ஒரு துளி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான் என்றேன். அதைச் சோதித்துப் பார்த்து முன்கூட்டியே சொல்ல வழி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. என் கால் எத்தனை நாளைக்கு நடக்கும் என்பதே எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவள் நடுவில் நிறையக் கேள்விகள் கேட்டாள். நல்ல கேள்விகள். என் மாணவிகள்கூட அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் காலித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இவரைக் கட்டியிருப்பனான்னு எனக்கே தெரியலைங்க அம்மணி. கட்டியிருப்பேன்னு சொன்னா அது பொய். எங்கப்பா கண்டிப்பா உட்டிருக்கமாட்டாங்க. இப்ப எனக்கு அவரில்லாம முடியாது. அதனால உங்க மேல கோவப்படறதா வேண்டாமான்னும் தெரியலை."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. அந்த விஷயத்தில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் தோசை சுட்டுச் சாப்பிட்டோம். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "அடுத்த தடவை ஆஸ்பத்திரில மருந்து ஏத்தற அன்னைக்குச் சொல்லுங்க, நான் வாரேன். ஒருத்தியா உக்காந்திருக்க வேண்டாம்," என்றாள். சொன்னபடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா அம்மாவுக்கு இன்று வரை எனக்கு ஸ்கூட்டர் விபத்துதான்.

பெண் குழந்தை பிறந்தது. அந்தியூர்ப் பக்கத்தில் அண்ணியின் அம்மா வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். அதற்குள் நான் ஊன்றுகோல் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். ஒடிந்த எலும்பு சரியாகக் கூடவில்லை என்று அம்மா அங்கே சொல்லிக்கொண்டாள். குழந்தை அப்படியே அண்ணன் ஜாடை. நான் உட்கார்ந்த பிறகு என் மடியில் வைத்தார்கள். அதன் பாதத்தை விரலால் வருடினேன். விரல்களை விரித்துக் காலை உதறியது. நரம்பில் கரண்டு நன்றாக ஓடுகிற கால்.

அப்போது பெரியப்பா மகள் தன் சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து குழந்தையிடம் காட்டினாள். "பாருடா, உன்ற பொண்டாட்டி பொறந்துட்டா," என்றாள். அண்ணியின் அம்மா சிரித்துக்கொண்டே, "இணைச்சீர் செஞ்சவ நீ. கேக்கற உரிமை உனக்குத்தான அம்மணி, வேற ஆருக்கு," என்றார். அறையே சிரித்தது. அது வெறும் கேலிப் பேச்சுதான். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யாரும் நடத்தி வைக்கப் போவதில்லை. அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போனான். அண்ணி என் பக்கம் பார்த்தாள்.

நான் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்குக் கல்யாணம் ஆகுமா என்பதே தெரியாது. ஆகி ஒரு மகன் பிறந்தாலும் அண்ணன் பெண்ணை நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே விட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் விட்டுக் கொடுப்பதற்கும் அது முதலில் என் கையில் இருந்திருக்க வேண்டும் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிராமல் இருந்தேன். பால் வாசம் அடித்தது.

அண்ணன் நன்றாக இருக்கிறான். இன்னொரு முறை எங்கள் வீட்டு வாசலில் அதே கேள்வி வந்தால் நான் மறுபடியும் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். என் நோய் என்னிடமிருந்து எதை, எவ்வளவு வேகமாக எடுத்துக்கொள்ளும் என்று எந்த ஜீனைப் பார்த்தும் என் டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அண்ணன் பக்கத்தில் எனக்கென்று இருந்த அந்த ஒரு இடத்தை நோய் எடுக்கவில்லை, அது கேட்பதற்கு முன்பே நாங்களாகத்தான் எழுந்து கொடுத்தோம் என்ற நினைப்பு மட்டும் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.